தோட்டத்து நேரத்தில் கேமரன் மலை

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை காலையில் ஏறுகிறார்கள். மதியத்துக்குள் பிரிஞ்சாங்கைத் தாண்டி, கியா ஃபார்ம் சந்தை அருகே வண்டிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றுவிடும். அந்த நெரிசலுக்கு நடுவே ஒரு ஸ்ட்ராபெர்ரிப் பண்ணை, ஒரு தேனீப் பண்ணை, ஒரு காய்கறிக் கடை என்று ஏறி இறங்குகிறார்கள். ஞாயிறு மத்தியானம் கோலாலம்பூருக்குத் திரும்பிவிடுகிறார்கள். தேயிலையை அவர்கள் பார்த்ததெல்லாம் காரின் கண்ணாடி வழியாகத்தான். இங்கேயே குடியிருக்கிற எங்களுக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்காது. இந்த மலையின் மிக நல்ல நேரம் விருந்தினர் எழுந்து குளிப்பதற்கு முன்பே கடந்துபோய்விடுகிறது.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் நான் சொல்லப்போவது ஒரே யோசனைதான்: இங்கே இருக்கும் நாள்களில் தோட்டத்து நேரத்தைப் பின்பற்றுங்கள். தேயிலைத் தோட்டத்தில் நாள் விடியலிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் கொழுந்து பறிப்பவர்கள் சரிவில் நிற்பார்கள். மதியத்துக்கு மேல் மூடுபனியும் மழையும் வருவது இங்கே சாதாரணம். அதற்குள் பாதிக்கு மேற்பட்ட வெளிவேலை முடிந்திருக்கும். சுற்றுலா வண்டிகளோ பத்து மணிக்கு மேல்தான் ஊரை நிரப்பத் தொடங்கும். வெளிச்சம், வெறிச்சோடிய சாலை, மழையில்லாத வானம் மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது காலை ஏழுக்கும் பத்துக்கும் இடையில். அந்த நேரத்தை மலைச்சரிவுக்குக் கொடுங்கள். கடை, சந்தை, சாப்பாடு எல்லாம் பிற்பகலுக்குக் காத்திருக்கும்.

எந்த நாள், எங்கே தங்குவது

ஞாயிறு மாலை ஏறி புதன் அல்லது வியாழன் இறங்குவது மிகச் சிறந்தது. மலேசியப் பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, சீனப் புத்தாண்டு ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வார இறுதிதான் கிடைக்கும் என்றால் வெள்ளி இரவே வந்து சேர்ந்துவிட்டு, சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் வண்டியைத் தொடாமல் இருங்கள்.

மழை ஆண்டு முழுவதும் உண்டு. அக்டோபர், நவம்பரில் மிகுதி. ஜனவரி, பிப்ரவரியில் குறைவு. பகலில் இருபது பாகைக்கு மேல் இருக்கும் வெப்பநிலை, இரவில் பதினைந்தை ஒட்டி இறங்கும். விடுதிகள் பலவற்றில் குளிர்சாதனம் கிடையாது, அது தேவையும் இல்லை. ஒரு கம்பளிச் சட்டை, காலுறை, மழைக்கோட்டு போதும். அட்டை ஏறும் இடங்களுக்கு நீளக் கால்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு நான் எப்போதும் தானா ராத்தாவைத்தான் சொல்வேன். பிரிஞ்சாங்கில் விடுதிகள் அதிகம். ஆனால் வாகனம் இல்லாதவருக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் பேருந்து நிலையம், கடைத்தெரு, தமிழர் சாப்பாட்டுக் கடைகள், காட்டுப் பாதைகளின் தொடக்கம் எல்லாமே நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. வாடகைக்காரும் வழிகாட்டியும் இங்கேதான் எளிதாகக் கிடைப்பார்கள். நகரத்தில் கைப்பேசியில் அழைக்கிற வாடகைக்காரை நம்பி இங்கே வரவேண்டாம்.

பசியாறுதல்

மலேசியத் தமிழர் காலை உணவைப் பசியாறுதல் என்பார்கள். தானா ராத்தாவின் பெரிய சாலையில் வரிசையாகத் தமிழர் கடைகள் உண்டு. குமார், ஸ்ரீ பிரிஞ்சாங் ஆகிய இரண்டும் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயர்கள். தோசையோ ரொட்டி சானாயோ சொல்லிவிட்டு, தேநீர் கேட்கும்போது கொஞ்சம் கவனியுங்கள். வெறுமனே ‘தே’ என்றால் கெட்டிப்பால் ஊற்றி வரும். ‘தே தாரிக்’ என்றால் அதையே ஆற்றி நுரைக்கவைத்துத் தருவார்கள். தேயிலையின் மணத்தை அறிய வேண்டுமென்றால் ‘தே ஓ கோசோங்’ கேளுங்கள்: பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மலையில் முதல் கோப்பை அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கெட்டிப்பாலின் இனிப்பு நாக்கில் ஏறிவிட்டால், பிறகு தோட்டத்தில் போய்க் குடிக்கிற நல்ல தேநீரும் வெறும் வெந்நீராகத் தெரியும்.

சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் விடியலிலேயே கிளம்புகிறவர்கள் முந்தைய இரவே ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து பத்தரைக்குப் பசியாறினாலும் கடையில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

சுங்கை பாலாஸ்: காலையில் சாலை, பிறகு ஆலை

பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கியா ஃபார்ம் பக்கம் போகும்போது ஒரு கிளைச்சாலை மலைக்குள் பிரிகிறது. சற்றுத் தூரம் போனதும் ஒரு கிளை பிரிஞ்சாங் சிகரத்துக்கு ஏறும், மற்றது சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு இறங்கும். சாலை மிகக் குறுகியது. எதிரே லாரி வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை மதியம் இங்கே ஏற்படும் நெரிசலில் பொறுமை இழந்தவர்கள் பலர். விடிகாலையில் அதே சாலை உங்களுக்கென்றே திறந்துவிட்டது மாதிரி இருக்கும்.

போ நிறுவனத்தின் தேயிலை மையம் ஒன்பது மணி வாக்கில்தான் திறக்கும். திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும். போகுமுன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் ஏழு மணிக்கே வந்து, பொதுச்சாலையில் பாதுகாப்பாக ஒதுக்கிய இடத்தில் வண்டியை நிறுத்தி, சாலையோரமாகவே நடக்க வேண்டும் என்பேன். பள்ளத்தாக்கில் தேங்கியிருக்கும் மூடுபனி வெயில் ஏற ஏற மேலே கிளம்பும். வரிசைகளுக்கு நடுவே வேலைக்காரர்கள் போகிற ஒற்றையடிப் பாதைகள் அப்போது நிழலும் வெளிச்சமுமாகத் தெளிவாகத் தெரியும். புகைப்படம் எடுப்பவர்களுக்கும் இதுதான் நேரம். பதினொரு மணி வெயிலில் மலை முழுவதும் ஒரே பச்சையாகத் தட்டையாகிவிடும்.

சரிவில் ஆட்கள் நின்றால் அவர்கள் செய்வதைச் சற்று நேரம் நின்று பாருங்கள். செங்குத்தான இடங்களில் கையாலோ, பெட்டி பொருத்திய கத்தரியாலோ கொழுந்தெடுப்பார்கள். சரிவு குறைந்த இடங்களில் இருவர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு இயந்திரத்தை வரிசையின் மேல் நகர்த்துவார்கள், பின்னால் துணிப்பை கொழுந்தால் உப்பிக்கொண்டே வரும். தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் பத்து மீட்டருக்கு மேல் மரமாக வளர்ந்துவிடும். இடுப்பளவில் கவாத்து செய்து, மேற்பரப்பைத் தட்டையாக வைத்திருப்பதால்தான் அது ஓயாமல் கொழுந்துவிடுகிறது. கவாத்து முடிந்த சரிவு பழுப்பாக, குச்சி குச்சியாக நிற்கும். பச்சையில்லையே என்று ஏமாறவேண்டாம். அதற்குப் பக்கத்துச் சரிவு தளதளவென்று இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் டார்ஜீலிங் போல இங்கே பருவத்துக்கு ஒரு கொழுந்து என்ற கணக்கு கிடையாது. ஒரே செடிக்கு ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்தரி திரும்பி வரும். எந்த மாதம் வந்தாலும் ஏதாவது ஒரு சரிவில் பறிப்பு நடந்துகொண்டுதான் இருக்கும்.

மையம் திறந்ததும் நேராக ஆலைக்குப் போங்கள், உணவகத்துக்கு அல்ல. கூட்டம் சேர்வதற்கு முன் ஆலையைப் பார்ப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. முந்தைய நாள் பறித்த கொழுந்து இரவெல்லாம் காற்று ஊதும் தொட்டிகளில் பரப்பி வாட்டப்பட்டிருக்கும். அதைக் கையில் எடுத்துக் கசக்கினால் உடையாது, துணி போல மடங்கும். பிறகு உருட்டும் இயந்திரத்தில் இலை நசுங்கிச் சாறு வெளிவரும். சாற்றில் காற்றுப்பட்டு நிறம் பச்சையிலிருந்து செம்புக்கு மாறும். கறுப்புத் தேநீரின் குணம் பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது: சீக்கிரம் நிறுத்தினால் பச்சை வாடை, தாமதித்தால் சுவை மந்தம். அடுத்து சூடான காற்றில் உலர்த்தல், சலித்துத் தரம் பிரித்தல். நான்கைந்து கிலோ கொழுந்து கொடுத்தால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். ஆலைக்குள் நிற்கும்போது மூக்குக்கு வேலை கொடுங்கள். வாட்டும் இடத்தில் நறுக்கிய புல் மணம், உருட்டும் இடத்தில் பழுத்த ஆப்பிள் மணம், உலர்த்தும் இடத்தில் வறுத்த தானிய மணம். இயந்திரங்களின் பெயர் மறந்தாலும் இந்த மூன்றும் நினைவில் நிற்கும்.

அதன் பிறகு, மலைச்சரிவின் மேல் வெளிநீட்டிக் கட்டியிருக்கும் மேடையில் உட்கார்ந்து தேநீர் குடியுங்கள். ‘பாலாஸ் சுப்ரீம்’ இந்தத் தோட்டத்தின் பெயரைத் தாங்கி வருவது, மென்மையானது. கொஞ்சம் கடுப்பு வேண்டுமென்றால் ‘கேமரோனியன் கோல்டு பிளெண்டு’ நல்லது. பத்து மணிக்கு மேல் மேடையில் இடம் கிடைப்பது கஷ்டம்.

இந்தச் சரிவுகளை உண்டாக்கியவர்கள்

இந்த மலைக்குப் பெயர் தந்தவர் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர். 1885இல் இங்கே வந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி மலைவாசத் தலமாக்கலாம் என்று முடிவு செய்த பிறகுதான் தாப்பாவிலிருந்து சாலை வந்தது. 1929இல் ஜே.ஏ. ரசல் என்ற தொழிலதிபர், இலங்கைத் தேயிலையில் அனுபவமுள்ள ஏ.பி. மில்ன் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். ரசல் 1933இல் இறந்துவிட்டார். நிறுவனம் இன்றும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. பேத்தி கரோலைன் ரசல் நடத்துகிறார். அதே 1933இல் இந்தியாவிலிருந்து வந்த சுபர்ஷாத் பன்சால் அகர்வால் பாரத் தோட்டத்தைத் தொடங்கினார்.

வழிகாட்டி நூல்கள் இந்தப் பெயர்களோடு நின்றுவிடுகின்றன. காட்டை அழித்து, கல் பொறுக்கி, செங்குத்துச் சரிவில் ஒவ்வொரு கன்றாக நட்டவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். துரை, கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்), பெரட்டு (காலை ஆள்கணக்கு), லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று தோட்டத்தின் எல்லா ஏற்பாடுகளும் அவர்கள் பேச்சில்தான் வழங்கின. இரப்பர்த் தோட்டத்துத் தமிழர் வாழ்க்கை மலேசியத் தமிழ் எழுத்தில் நிறையப் பதிவாகியிருக்கிறது. தேயிலைக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஆசிரியர், ஓட்டுநர், கடைக்காரர், காய்கறி வியாபாரி என்று மலையில் எல்லா வேலைகளிலும் இருக்கிறார்கள். பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். சரிவில் கொழுந்து பறிப்பவர்களில் இப்போது வங்கதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும்தான் அதிகம்.

ஆனாலும் தோட்டத்துச் சாலையில் போகும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தால் பழைய தடம் தெரியும். சுங்கை பாலாஸ், போ, புளூ வேலி ஆகிய தோட்டங்களின் பெயரால் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் இந்த மலையில் இருக்கின்றன. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தனித் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. லய வீடுகளுக்கு அருகே சின்னக் கோயில், முன்னால் ஒரு வேப்பிலைக் கொத்து, வாசலில் கோலம். இதையெல்லாம் பார்க்கலாம், ஆனால் இவை மக்கள் குடியிருக்கும் இடம் என்பதை மறக்கக்கூடாது. லயத்துக்குள் அழைக்காமல் நுழையாதீர்கள். பள்ளி வளாகத்தில் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். கொழுந்தெடுப்பவரைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் கையைக் காட்டிக் கேளுங்கள், தலையசைத்தால் எடுங்கள். வரிசைக்குள் இறங்கிச் செடிமேல் சாய்ந்து படமெடுக்கிற பழக்கம் இப்போது பெருகிவிட்டது. ஒடிக்கிற ஒவ்வொரு கிளையும் இன்னொருவர் கூலியில் கைவைப்பதுதான். கோயிலில் திருவிழா நடந்தால் தைரியமாகப் போகலாம். காலணியைக் கழற்றிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்பே இலையில் சோறு விழுந்துவிடும்.

ஹாபு வழி: ஆள் குறைந்த தோட்டம்

சுங்கை பாலாஸ் பார்த்தவர்கள் எல்லாரும் போ தோட்டத்தின் மூலப் பகுதியைப் பார்ப்பதில்லை. தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் பக்கம் இறங்கி, ஹாபுவில் பிரிந்து உள்ளே போக வேண்டும். நாலாபக்கமும் வளைந்து வளைந்து தோட்டம் விரியும். கடைகள் இல்லை, பேனர்கள் இல்லை. சுங்கை பாலாஸில் மேடையில் நின்று கீழே பார்ப்பீர்கள். இங்கே நீங்களே பள்ளத்தாக்கின் அடியில் இருப்பீர்கள், தேயிலை உங்களைச் சுற்றி மேலே ஏறும். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். கூட்டமான நாள்களில் இதன் அருமை இன்னும் கூடும்.

வழியில் ரிங்லெட் ஏரி வரும். 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கர் அணையின் தேக்கம் அது. நீர் ஏன் இப்படிக் காவி நிறமாக இருக்கிறது என்று எல்லாரும் கேட்பார்கள். மேலே மலைச்சரிவுகளைச் செதுக்கிக் காய்கறித் தோட்டங்களும் நெகிழிக் கூரைப் பந்தல்களும் போட்டுக்கொண்டே போனதால் மண் கரைந்து ஆற்றில் இறங்குகிறது. அது ஏரியில் படிந்து தேக்கத்தின் கொள்ளளவையே குறைத்துவிட்டது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி இரவு பெருமழையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. தேயிலை வேர் மண்ணை ஓரளவு பிடித்துக்கொள்ளும்; காடு அதைவிட நன்றாகப் பிடிக்கும்; வெட்டவெளியாகச் சீவிய சரிவு எதையும் பிடிக்காது. மலிவான முட்டைக்கோசு வாங்கும்போது இந்த ஏரியின் நிறத்தையும் நினைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நடந்தே ஒரு தோட்டத்துக்கு

வாகனம் இல்லாதவர்களுக்கு இந்த மலையில் ஒரு பெரிய பரிசு இருக்கிறது. காட்டுப் பாதைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். தானா ராத்தாவின் மேற்குப் பக்கத்துக் குடியிருப்புகளின் பின்னால் தொடங்கும் 10ஆம் பாதை, ஜாசார் மலைமேல் ஏறுகிறது. உயரம் 1,600 மீட்டருக்கு மேல். வேர்களைப் படியாகப் பிடித்து ஏறும் செங்குத்து சில இடங்களில் உண்டு. மழைக்கு மறுநாள் வழுக்கும். மேலே போனபின் 6ஆம் பாதையைப் பிடித்து மறுபக்கம் இறங்கினால் காடு முடிந்து, பாரத் தோட்டத்தின் தேயிலைச் சரிவுகளுக்குப் பக்கம் வெளியே வருவீர்கள். இருண்ட காட்டிலிருந்து திடீரென்று பச்சை வெளிச்சத்தில் கால் வைக்கிற அந்தக் கணத்துக்காகவே இந்த நடை தகும். நிதானமாக நடந்தால் மூன்று நான்கு மணி நேரம். பெரிய சாலைக்கு வந்ததும் அந்தத் தோட்டத்தின் கேமரன் வேலி தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரு குடுவை தேநீர் குடித்துவிட்டு, வாடகைக்காரிலோ பேருந்திலோ தானா ராத்தாவுக்குத் திரும்பலாம். காட்டில் நடக்க விரும்பாதவர்களும் இந்தத் தேநீர்க் கடைக்கு நேராகச் சாலை வழியே வரலாம். தோட்டம் சாலையிலிருந்தே கீழே விரிவதால் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது மிக வசதி.

இன்னொரு பக்கம், மார்டி வேளாண் ஆய்வுநிலையத்தின் அருகிலிருந்து ராபின்சன் அருவிக்குப் போகும் 9ஆம் பாதை இருக்கிறது. அதிலிருந்து பிரியும் 9ஏ பாதை மெல்ல இறங்கிப் போ தோட்டச் சாலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். 9 நேராகக் கீழே மின்நிலையத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. பழக்கமில்லாதவர்கள் 9ஏவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு சிறு நடை வேண்டுமென்றால் 4ஆம் பாதையில் பாரிட் அருவி வரை போய் வரலாம்.

காட்டுப் பாதைக்கு என் விதிகள் கடுமையானவை. தனியாகப் போகாதீர்கள். காலை ஒன்பதுக்குள் புறப்படுங்கள். எந்த எண் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். அறிவிப்புப் பலகைகள் சில உடைந்திருக்கும், சில பாதைகள் மண்சரிவால் மூடப்பட்டிருக்கும். முதல்நாள் மாலையே விசாரித்து வையுங்கள். பாங்காக்கில் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26ஆம் தேதி தானா ராத்தாவுக்கு அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கக் கிளம்பியவர். பெரிய தேடுதல் நடந்தும் அவரைப் பற்றி ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அவருக்கு என்ன ஆனது என்பது இன்றுவரை தெரியாது. இந்தக் காடு எவ்வளவு அடர்த்தியானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பாசிக்காடு

பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டருக்குச் சற்று மேல். தீபகற்ப மலேசியாவில் சாலை வழியாக ஏறக்கூடிய மிக உயர்ந்த இடம் அதுதான். சிகரத்துக்கு அருகே, ஈராவ் மலைக்குப் போகும் வழியில் பாசிக்காடு இருக்கிறது. எப்போதும் மேகத்துக்குள்ளேயே இருப்பதால் மரங்கள் உயரமாக வளராமல் முறுக்கிக்கொண்டு, அடிமுதல் நுனிவரை பாசி போர்த்தி நிற்கும். தரையில் மிதித்தால் கால் அமிழும்; அதனால்தான் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகள் இங்கே உண்டு, தீபகற்பத்துக்கு வெளியே எங்கும் வளராத இனமும் அவற்றில் ஒன்று. இந்த இடத்தைக் காப்பாற்றுவதற்காக அவ்வப்போது மூடுகிறார்கள், அனுமதி முறைகளும் மாறுகின்றன. தானா ராத்தாவில் விசாரித்து, உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போவதே சரி. பலகையை விட்டு இறங்காதீர்கள், பாசியைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஒரு கைப்பிடிப் பாசி வளர எத்தனையோ ஆண்டுகள் ஆகும்.

சுங்கை பாலாஸும் பாசிக்காடும் ஒரே கிளைச்சாலையில் இருப்பதால் இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். முதலில் மேலே ஏறி, பிறகு தோட்டத்துக்கு இறங்குங்கள்.

பிற்பகல்: எதை வாங்க, எதை விட

ஸ்ட்ராபெர்ரிப் பண்ணை ஒன்று போதும். பறிக்கும் கூடைக்குக் கட்டணம் கேட்டுத் தெரிந்துகொண்டு பறியுங்கள். வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, தேனீப் பண்ணை, பூந்தோட்டங்கள் எல்லாம் குழந்தைகள் கூட இருந்தால் சரி. கியா ஃபார்ம் சந்தையில் இளஞ்சோளமும் சர்க்கரைவள்ளியும் கீரைகளும் வாங்கலாம். ஆனால் வார நாள் பிற்பகலில் வாங்குங்கள். விலையும் நிதானம், பேச்சும் நிதானம்.

தேயிலை வாங்குவதாக இருந்தால் தோட்டத்துக் கடையிலேயே வாங்குங்கள். அலங்காரப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் இரண்டு மடங்கு நல்ல தூள் சாதாரண உறையில் கிடைக்கும். வாசனை சேர்த்த வகைகளை நான் விரும்புவதில்லை. மலையில் விளைந்த இலையின் சுவையை வேறெதனாலும் மறைக்க வேண்டியதில்லை. பச்சைத் தேயிலையைவிடக் கறுப்புத் தேயிலையே இந்த மலைக்குப் பொருந்தும். இங்கே பயிராவது முக்கியமாக அஸ்ஸாம் வகைச் செடி, அதன் இயல்பே கடுப்பும் நிறமும்தான்.

மழை பிடித்துக்கொண்டால் ஸ்கோன் ரொட்டியும் ஸ்ட்ராபெர்ரி ஜாமுமாக ஒரு தேநீர் குடிக்கப் போகலாம். 1930களிலிருந்து நிற்கும் ஸ்மோக்ஹவுஸ் பங்களாவில் அது ஒரு அனுபவம்தான், விலை கூடுதல். தானா ராத்தாக் கடைகளிலேயே நல்ல ஸ்கோன் கிடைக்கிறது.

மாலையில் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்வாருங்கள். குளிரில் தரை சில்லென்று இருக்கும். பூசை நேரத்தில் போனால் ஊர்க்காரர்களைப் பார்க்கலாம். அங்கிருந்து ஸ்டீம்போட் கடைகள் கிட்டத்தில்தான். மேசை நடுவே கொதிக்கிற சாற்றில் கீரை, காளான், மீன் உருண்டை எல்லாவற்றையும் நீங்களே போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது. சைவர்கள் சாறு எதில் தயாரிக்கப்பட்டது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட ஒரு வாழையிலைச் சாப்பாடு போதும் என்று நினைப்பவர்கள் மதியமே தானா ராத்தாவில் முடித்துக்கொள்ளலாம். இரவுச் சந்தை வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறையிலும் களைகட்டும். மற்ற நாள்களில் ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். மறுநாள் ஆறு மணிக்கு எழ வேண்டியவர்களுக்கு அதுவே நல்லது.

ஏறவும் இறங்கவும்

தாப்பா வழிப் பழைய சாலை வளைவுகள் நிறைந்தது. தலைச்சுற்றல் வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு முன்னிருக்கையில் உட்காருங்கள். வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவி இருக்கிறது. அதைச் சுற்றிச் செமாய் பூர்வகுடியினர் சிறு கடைகள் போட்டு மூங்கில் பொருள்கள், காட்டுத்தேன், பருவத்தில் பெத்தாய்க் காய் எல்லாம் விற்பார்கள். நியாயமான விலைதான் சொல்வார்கள், அடித்துப் பேசாமல் வாங்குங்கள். ஈப்போ பக்கம் போகிறவர்கள் கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் அகலச் சாலையை எடுக்கலாம். போகும் வழியில் புளூ வேலி தோட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. பெருமழைக்குப் பிறகு எந்தச் சாலையிலும் மண்சரிவு ஏற்படலாம், கிளம்புமுன் விடுதியில் கேட்டுவிடுங்கள். இரவில் மூடுபனியோடு இறங்குவதைத் தவிர்த்துவிடுங்கள்.

பேருந்தில் வருகிறவர்களுக்குக் கோலாலம்பூரிலிருந்து நான்கைந்து மணி நேரம் ஆகும். தானா ராத்தாவின் ஃப்ரீசியா முனையத்தில் வந்து இறங்கியதுமே திரும்பிப் போகும் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பிற்பகல் வண்டிகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.